பரதீசைத் திருட முடியாது

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், சபையாருக்கும் என் வணக்கம். சுவிசேஷ விசுவாசத்தின் உயிர்நாடி தேவன் இலவசமாக அருளும் கிருபையா, மனிதன் செய்யும் கிரியையா என்ற கேள்விக்குக் கிருபையே என்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

வரும்போது கையில் நான்கு பக்கக் குறிப்பு இருந்தது. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள், நான் அந்தக் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் சொன்னது இதுதான்: "கிருபை அணியினருக்குச் சிலுவையில் தொங்கிய கள்ளனை விட்டால் வேறு சாட்சி கிடைக்காது, அவனோ வாழ்நாளெல்லாம் திருடிவிட்டு, கடைசி மூச்சில் பரதீசையும் திருடிக்கொண்டவன்." சகோதரரே, இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளனுக்காக வழக்காடாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. அதற்கு முன்பாக நீங்கள் கேட்ட மற்றொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

டேவிட் பெபிங்டன் என்ற வரலாற்றாசிரியர் 1989-இல் வெளியிட்ட நூலில் சுவிசேஷக் கிறிஸ்தவத்துக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார் என்று எடுத்துக்காட்டினீர்கள். மனமாற்றம், செயலூக்கம், வேதாகமத்தின் மேலான மதிப்பு, சிலுவையை மையமாகக் கொள்ளுதல் என்பவை அந்த நான்கு. உண்மைதான். ஆனால் நான்கையும் வாசித்துவிட்டு, செயலூக்கம் என்ற ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, "1807-இல் அடிமை வணிகத்தை ஒழிக்க நாடாளுமன்றத்தில் நின்று போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸைப் பாருங்கள், இதுவல்லவா விசுவாசம்?" என்று கேட்டீர்கள். வில்பர்ஃபோர்ஸுக்கு நானும் தலைவணங்குகிறேன். அவருக்கு ஒரு கடிதம் வந்தது. 1791 பிப்ரவரி 24-ஆம் தேதி, மரணத்துக்கு ஆறு நாட்களே மீதமிருந்த 87 வயது முதியவர் ஒருவர், "தேவனுடைய நாமத்தில் தொடர்ந்து போராடுங்கள்" என்ற பொருள்பட அவருக்கு எழுதினார். அந்த முதியவர் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி. கிரியை அணியின் நாயகனுக்குத் தைரியம் எழுதி அனுப்பிய மனிதர் எங்கிருந்து புறப்பட்டு வந்தார் என்பதை நீங்கள் கொஞ்சம் பொறுமையோடு கேட்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இளம் வெஸ்லியிடம் இல்லாத கிரியை எது? வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், சிறைச்சாலைக்குள் சென்று கைதிகளைச் சந்திப்பது, ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகத் தன் செலவைச் சுருக்குவது, நாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு வைப்பது என்று வாழ்ந்தவர் அவர். அவருடைய சிறு குழுவின் ஒழுங்கைக் கண்டு மற்ற மாணவர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் பிறந்த பெயர்தான் மெதடிஸ்ட் என்பது. இவை போதாதென்று, 1735-இல் கடல் கடந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் புறப்பட்டார். எதிரணி தயாரித்திருக்கும் பட்டியலில் உள்ள அத்தனையும் அவரிடம் இருந்தன.

1736 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. நடுக்கடலில் புயல். அந்தக் கப்பலில் ஜெர்மன் தேசத்து மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் குடும்பம் குடும்பமாகப் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஆராதனையில் ஒரு சங்கீதத்தைப் பாடத் தொடங்கிய வேளையில், அலை எழும்பி, நடுப் பாயைக் கிழித்து, கப்பலையே மூடி, மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே தண்ணீராகக் கொட்டியது. ஆங்கிலேயர்களிடையே பயங்கரமான அலறல் எழுந்தது. மொரேவியர்களோ தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள், பாட்டை நிறுத்தவில்லை. அந்தக் காட்சியைச் சற்று மனக்கண்ணில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் அலறல், மறுபக்கம் சங்கீதம். இரண்டுக்கும் நடுவே, மரணத்துக்கு அஞ்சி நிற்கிறார் ஒரு குருவானவர். கணுக்காலளவு தண்ணீரில் நின்றிருப்பாரோ, தூணைப் பற்றிக்கொண்டிருப்பாரோ, அதை அவர் எழுதி வைக்கவில்லை. பின்பு அவர்களில் ஒருவரிடம் கேட்டதை எழுதி வைத்திருக்கிறார். "நீங்கள் பயப்படவில்லையா?" "தேவனுக்கு ஸ்தோத்திரம், இல்லை." "உங்கள் பெண்களும் பிள்ளைகளுமா பயப்படவில்லை?" "இல்லை, எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாவதற்குப் பயப்படுகிறவர்கள் அல்ல."

இந்தக் கதை அந்தக் கப்பலோடு முடிந்திருந்தால் நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். கரை இறங்கிய வெஸ்லி, பிப்ரவரியில் ஸ்பாங்கன்பெர்க் என்ற மொரேவியப் போதகரைச் சந்திக்கிறார். அவர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்; எத்தனை உபவாசம், எத்தனை பிரசங்கம் என்று அவர் கேட்கவில்லை. "இயேசு கிறிஸ்துவை உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். வெஸ்லி தயங்கினார். "அவர் உலக இரட்சகர் என்று அறிவேன்" என்றார். "அது சரி. அவர் உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா?" என்று போதகர் மேலும் கேட்டார். உலக இரட்சகர் என்பது பாடப்புத்தகத்து விடை. என் இரட்சகர் என்பது உயிர் தரும் விடை. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு பெரிய கடல் இருக்கிறது பாருங்கள்! "எனக்காக அவர் மரித்தார் என்று நம்புகிறேன்" என்று ஏதோ சொல்லி ஒப்பேற்றிய வெஸ்லி, அவை வெறும் வார்த்தைகளே என்று பிற்பாடு தன் நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தோல்வியோடு திரும்பும்போது, பூர்வகுடிகளை மனந்திருப்ப அமெரிக்கா சென்றேன், என்னை மனந்திருப்பப் போகிறவர் யார் என்று எழுதினார். கிரியைகளின் மூட்டையைத் தோளில் சுமந்தபடி ஒரு மனிதர் கேட்ட கேள்வி அது.

விடை 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் கிடைத்தது. ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பதாகக் கால் மணி இருந்தபோது, தன் இருதயம் இனம்புரியாத விதத்தில் அனல்கொண்டதாகவும், இரட்சிப்புக்குக் கிறிஸ்துவை, கிறிஸ்துவை மாத்திரமே, தான் நம்புவதை உணர்ந்ததாகவும் வெஸ்லி எழுதினார். அவர் அங்கே புதிதாகச் செய்தது ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்தார், கேட்டார், நம்பினார். அதற்குப் பிறகுதான் வயல்வெளிகளில் பிரசங்கம், குதிரைமேல் அரை நூற்றாண்டுப் பயணம், வில்பர்ஃபோர்ஸுக்கு எழுதிய அந்தக் கடிதம் எல்லாம் வந்தன. முன்பும் கிரியை இருந்தது, பின்பும் இருந்தது. முன்பு அது சுமை, பின்பு அது கனி.

"கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது" என்று நிருபம் எழுதிய யாக்கோபைக் காட்டினீர்கள். நாங்களும் அவரை மறுக்கவில்லை. ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15-இல். அவன் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்தியது 22-இல். முந்தியது எது என்பதே வழக்கு. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைத் தமிழ் இலக்கணத்தோடு வாசியுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்கிறது எட்டாம் வசனம். "கிரியைகளினால் உண்டானதல்ல" என்கிறது ஒன்பதாம் வசனம். "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு" நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது பத்தாம் வசனம். காரணத்தைச் சொல்லும் மூன்றாம் வேற்றுமை உருபைக் கிருபைக்குக் கொடுத்து, கிரியைக்கு அதை மறுத்து, நோக்கத்தைச் சொல்லும் நான்காம் வேற்றுமையைக் கிரியைக்கு ஒதுக்கியிருக்கிறார் பவுல். எதிரணி கேட்பது மூன்றாம் வேற்றுமை. வேதம் அவர்களுக்குத் தருவது நான்காம் வேற்றுமை.

இப்போது கள்ளனிடம் வருகிறேன். அவன் பரதீசைத் திருடிக்கொண்டான் என்றீர்கள். சகோதரரே, திருடுவது என்றால் என்ன? உடையவன் அறியாமல் எடுப்பது. இங்கே உடையவர் அருகிலேயே இருந்தார், விழித்திருந்தார், கேட்டார், தம்முடைய வாயினாலேயே "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சொல்லிக் கொடுத்தார். கொடுத்ததை எப்படித் திருட்டு என்று எழுதுவது? பவுல் அதற்கு வைத்த பெயர் தேவனுடைய ஈவு. ஈவைத் திருட யாராலும் முடியாது. வாங்கிக்கொள்ளலாம், அல்லது வேண்டாம் என்று தள்ளலாம், அவ்வளவுதான்.

அவன் கடைசி நிமிடத்தில் தந்திரமாக ஓடிவந்து ஏறிக்கொண்டவன் என்ற பொருளும் உங்கள் வாக்கியத்தில் இருந்தது. மத்தேயுவையும் மாற்குவையும் வாசித்தால், அவரோடு சிலுவையில் அறையப்பட்ட இருவருமே முதலில் அவரை நிந்தித்தார்கள் என்று தெரியும். அதே நாளில், அதே வாயால், பழித்தவன் அவன். லூக்கா அவன் திரும்பிய நேரத்தைக் காட்டுகிறார். இடையில் என்ன நடந்தது? ஒரு பிரசங்கமும் நடக்கவில்லை, ஒரு அற்புதமும் நடக்கவில்லை. பக்கத்துச் சிலுவையிலிருந்தவர் தம்மை அறைந்தவர்களுக்காக, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று வேண்டியதை அவன் கேட்டிருப்பான் என்றே நான் நம்புகிறேன்.

பிறகு அவன் பேசியதைக் கேளுங்கள். "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்றான். மனிதன் பாவி என்ற உபதேசம் அதில் இருக்கிறது, அதுவும் அடுத்தவனைக் கைகாட்டாமல் தன்னையும் சேர்த்துச் சொன்ன உபதேசம். இவர் தகாதது ஒன்றும் செய்யவில்லை என்றான். கிறிஸ்து பாவமற்றவர் என்ற உபதேசம் அது. "உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது" என்றான். சீஷர்களே சிதறிப்போன நேரத்தில், முள்முடியோடு இரத்தம் ஒழுகச் செத்துக்கொண்டிருந்த ஒருவரை ராஜா என்றும், மறுபடியும் வருகிறவர் என்றும் விசுவாசித்தவன் அந்த மலையில் அவன் ஒருவனே. "அடியேனை நினைத்தருளும்" என்றான். உலக இரட்சகர் என்று நிறுத்தாமல், என்னை நினையும் என்றான். வெஸ்லிக்கு 34 வயதில் கிடைத்தது அவனுக்கு அந்த நடுப்பகலில் கிடைத்தது. சுவிசேஷ விசுவாசத்தின் சாரமெல்லாம் அந்த ஒரு வாயில் அடங்கியிருக்கும்போது, அவனை விட்டால் வேறு சாட்சி இல்லையா என்று கேட்கிறீர்கள். அவன் ஒருவன் போதும் என்கிறேன் நான்.

அன்று வேறொரு கள்ளனும் இருந்தான். பரபாஸ் என்பவன் கள்ளனாயிருந்தான் என்று யோவான் எழுதுகிறார். அவன் விடுதலையாகி நடந்துபோனான். அவனுக்குப் பதிலாக ஆண்டவர் அறையப்பட்டார். ஆக, கள்ளன் பரதீசைத் திருடவில்லை ஐயா. கள்ளனுடைய சிலுவையைத்தான் ஆண்டவர் எடுத்துக்கொண்டார்.

நேரம் முடிவதாக நடுவர் சைகை காட்டுகிறார். கிரியை அணியினர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

என் தாயார் கிரியையின் மனுஷி. அவர்களிடம் நீண்ட அட்டை போட்ட ஒரு குறிப்பேடு எப்போதும் இருக்கும். தேதி, வாசித்த அதிகாரம், ஜெபித்த நேரம், சந்தித்த நோயாளிகள் என்று நான்கு கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு இரவும் நிரப்பிவிட்டுத்தான் படுப்பார்கள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகும் குறிப்பேட்டைக் கேட்டார்கள். பேனாவை விரல்களுக்கு இடையில் வைத்தேன். அது நழுவிப் போர்வையில் விழுந்து, மையால் ஒரு கோடு இழுத்தது. நான் எழுதுகிறேன், என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். குழறிய நாவினால், "ஒன்றுமில்லை என்று எழுது" என்றார்கள். நாற்பது ஆண்டுகளாக வெற்றுக் கட்டமே காணாத அந்தப் பக்கத்தில், நான்கு கட்டத்திலும் ஒன்றுமில்லை என்று எழுதினேன். அம்மா அழுதார்கள். நான் எதைக் கொண்டு அவர் முன்னால் நிற்பேன் என்று கேட்டார்கள். மறுநாளும் அதே கேள்வி, அதற்கு மறுநாளும் அதே கேள்வி.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. லூக்கா 23-ஐத் திறந்து வாசித்தேன். கள்ளன் பேசிய இடம் வந்ததும், இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்கள். எத்தனையோ முறை வாசித்த அதிகாரம். எத்தனையோ பேருக்கு அவர்களே வாசித்துக் காட்டிய அதிகாரம். வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புதிதாக எதையோ கண்டவர்களைப் போலச் சொன்னார்கள்: "அவனுக்கும் கை அசையவில்லையே."

அன்றிரவு குறிப்பேட்டைத் தாங்களாகவே கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, கட்டங்களுக்குக் குறுக்கே ஒரே வார்த்தையை எழுதச் சொன்னார்கள். "நினைத்தருளும்" என்று எழுதினேன். அதற்குப் பிறகு அம்மா அந்தக் குறிப்பேட்டைக் கேட்கவே இல்லை.