திறந்த ஃபைலை யார் மூடுவது?

நேயர்களுக்கு வணக்கம். டெஸ்ட்ரக்டர் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் நிலைய வாசலில் ஒருவர், "அழிக்கிறதைப் பத்தியா சார்?" என்று கேட்டார். பெயர் அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்ய! உண்மையில் அது கடையடைக்கிற வேலை. விளக்கை அணைத்து, கல்லாவைப் பூட்டி, சாவியை ஒப்படைக்கிற வேலை. புரோகிராமில் ஒரு ஆப்ஜெக்டின், அதாவது தகவலையும் அதைக் கையாளும் வேலையையும் சேர்த்துக் கட்டிய ஒரு பொட்டலத்தின், ஆயுள் முடிகிற நேரத்தில் தானாக நடப்பது.

இதில் எனக்குப் பைத்தியம் பிடித்தது ஒரு ஆம்னி பஸ் புக்கிங் ஆபீஸில். ஊர், பேர் வேண்டாம். டிக்கெட் போடும் சர்வர் தினமும் பதினொரு மணி வாக்கில் படுத்துவிடும். கவுண்டர் பையன் அதற்குக் கைவைத்தியம் வைத்திருந்தான். பத்தரைக்கு டீ வாங்கக் கிளம்பும்போதே சர்வரை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓடவிடுவான். "நாம டீ குடிக்கிற மாதிரிதாண்ணே, அதுக்கும் தெம்பு வந்துரும்" என்றான்.

மெமரி போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், பாதிகூட நிரம்பவில்லை. அப்போது முதலாளி போகிறபோக்கில் சொன்னார்: "தீபாவளிக்கு முந்தின வாரம் ஒம்போது மணிக்கே படுத்துருது தம்பி. ஓடுற பஸ் அதே பஸ்தான், சீட்டும் அதே சீட்டுதான்."

கவனியுங்கள், விற்கிற டிக்கெட் கூடவில்லை. அப்படியானால் கூடுவது எது? 'சீட் இல்லை' என்று திருப்பி அனுப்பப்படும் ஆட்கள்!

சர்வரின் புரோகிராமைத் திறந்து பார்த்தால் விஷயம் அங்கேதான் இருந்தது. யார் சீட் கேட்டாலும் ஒரு ஃபைலைத் திறந்து பதிவு செய்வார்கள். மூடுகிற வரி ஃபங்ஷனின், அதாவது அந்த வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பின், கடைசியில். ஆனால் சீட் இல்லை என்றால் புரோகிராம் ஃபங்ஷனின் நடுவிலேயே வெளியே போய்விடும். கடைசி வரிவரை வருவதே இல்லை, ஃபைல் திறந்தபடியே கிடக்கும். லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் வழக்கமாக 1024 ஃபைல்தான் திறந்து வைத்திருக்கலாம். அதன் பிறகு திறக்கக் கேட்டால் கிடையாது என்றுவிடும். ஆக, ஆயிரத்துச் சொச்சமாவது ஏமாந்த பயணியோடு சர்வரும் கையை விரித்தது.

அந்தப் புரோகிராமை எழுதியிருந்த சி++ மொழியை யோசித்தவர் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப். 1979இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்கினார். அவர் செய்த ஏற்பாடு இது: ஃபைலைத் திறக்கிற ஆப்ஜெக்டே மூடுகிற பொறுப்பையும் சுமக்கட்டும். அது பிறந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிற கட்டளைகள் முடிகிற இடத்தில் அதன் டெஸ்ட்ரக்டர் ஓடும். முன்வாசல் வழியாகப் போனாலும் சரி, கொல்லை வழியாகப் போனாலும் சரி, நடுவில் எக்ஸெப்ஷன் என்கிற எதிர்பாராத பிழை வந்து தூக்கியெறிந்தாலும் சரி. மறுபடி சொல்கிறேன், எந்த வழியாக வெளியேறினாலும்.

பல ஆப்ஜெக்ட் இருந்தால்? கடைசியில் பிறந்தது முதலில் போகும். பந்தல் போடுகிறவர் காலை நட்டுவிட்டுக் கூரை போடுகிறார். பிரிக்கும்போது கூரையைத்தான் முதலில் இறக்குகிறார். காலை முதலில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வந்தது முன்னால் வந்ததை நம்பி நிற்கிறது, அதனால்தான்.

அந்த ஆபீஸில் நான் செய்தது இவ்வளவுதான். ஃபைலை ஒரு சின்ன ஆப்ஜெக்டுக்குள் போட்டேன், மூடுகிற வரியை அழித்தேன். சர்வர் அதன் பிறகு படுக்கவில்லை. ஆனால் பையனிடம் யாரும் சொல்லவில்லை போல. மூன்று மாதம் கழித்துப் போனபோதும் பத்தரைக்கு நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டுக்கொண்டிருந்தான்!

"ஜாவா மொழியில் இந்தத் தொல்லையே இல்லையே" என்பார்கள். பாதி உண்மை. அங்கே குப்பை லாரி வந்து மெமரியை அள்ளிக்கொண்டு போகும். ஆனால் லாரி எப்போது வரும்? அதற்குத் தோன்றும்போது. மெமரிக்கு அது போதும், ஃபைலுக்குப் போதாது. கடைசி நேரச் சுத்தத்துக்கு என்று அங்கே வைத்திருந்த ஃபைனலைஸ் என்பதை நம்பிக் கெட்டவர்கள் பலர். 2017இல் ஜாவா 9 வந்தபோது, இனி அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். பஸ் கதையிலேயே நேரம் போய்விட்டது. பைத்தான் மொழியை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை இருக்கும். பூஜ்யமானால் உடனே போய்விடும். இரண்டு ஆப்ஜெக்ட் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்? பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழட்டும் என்று இருவரும் மாறி மாறிக் காத்திருப்பது மாதிரி, இருவருமே எழமாட்டார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து எழுப்ப பைத்தான் தனியாக ஒரு ஆளை வைத்திருக்கிறது. ரஸ்ட் மொழி பற்றியும் குறிப்பு எழுதி வந்திருந்தேன்... ஒரு விரல் ஆகிவிட்டது. வணக்கம்.