உழக்கு எங்கே போனது?

(திண்டுக்கல் மாவட்டத்தில், ஓர் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் “வறுமையின் காரணங்களும் சமுதாயத்தின் கடமையும்” என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவரும், மீதிப் பாதிப் பேரைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தியவருமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழாத் தலைவர் ஐயா அவர்களே! முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்ற முன்னாள் தலைவர் அம்மா அவர்களே! நூலகத்துக்கு மின்விசிறிகளை வழங்கிய அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே! (தங்கள் கொடை நம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது ஐயா, அதனால்தான் இந்தக் கூட்டம் இன்னும் கலையாமல் இருக்கிறது.) வரவேற்புரையில் என்னைப் பற்றி என் மனைவிக்கே தெரியாத பெருமைகளை எடுத்துரைத்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே! ஒலிபெருக்கியை இரவலாகத் தந்த கோயில் நிர்வாகக் குழுவினரே! பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கதவருகே நிற்கும் இளைஞர்களே! வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய புலவர் ஐயா நல்குரவு அதிகாரத்தின் பத்துக் குறளையும் முழங்கிவிட்டார். எனக்கென்று ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஆகவே நான் ஒரு பழமொழியைப் பிடித்துக்கொள்கிறேன். அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.

இதைச் சொல்லும்போது நம்மவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். “அதனால் கணக்குப் பார்க்காதே அப்பா, பேசாமல் உழு” என்று முடிப்பார்கள். எனக்கு அங்கேதான் சண்டை. உழக்கு மிஞ்சவில்லை என்றால் அது எங்கேயோ போயிருக்கிறது. எங்கே போனது என்று பார்க்க வேண்டாமா? பார்க்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

வறுமைக்கு ஐந்து காரணங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். நிலம், சாதி, கல்வி, நோய், கடன். வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் நிலம். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை வந்தால் விளையும், விளைந்தால் விலை இருக்காது. அய்யலூர்ச் சந்தைக்குத் தக்காளிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய், விற்ற காசு பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் பற்றாமல் வெறுங்கையோடு திரும்பியவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், தலைவர் ஐயா வருகைப் பதிவேடு எடுத்துவிடுவார். ஆனால் அந்தத் தக்காளிக்கு நாற்று வாங்கியதும் மருந்து வாங்கியதும் எந்தப் பணத்தில்? அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சாதி. நிலம் யாரிடம் இருந்தது, யாருக்கு எட்டவே இல்லை, ஏன் எட்டவில்லை என்பதெல்லாம் இதற்குள் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பேசினால் பாவம். அதற்குத் தனியாக ஒரு கூட்டமே போட வேண்டும்.

மூன்றாவது கல்வி. இதில் நம் மாநிலம் தலைநிமிர்ந்து நிற்கலாம். 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. பள்ளிக்கு வந்த பிள்ளை பட்டினியாக இருக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் நம் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போனார்களே, மூன்று ஆண்டு வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை தருகிறோம் என்று அழைத்தார்களே, எதற்காகப் போனார்கள்? படிப்பு வராமலா? அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கிய பணம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது.

நான்காவது நோய். அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் மதுரைப் பெரிய மருத்துவமனையில் படுத்திருப்பவருக்குத் துணைக்கு இருக்கும் மனைவிக்கு யார் காப்பீடு? அவளுடைய பஸ் கட்டணம், சாப்பாடு, போகாத நாள்களின் கூலி, ஊரில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளின் செலவு. அதற்கும் போய் நிற்பது அதே வாசலில்.

பார்த்தீர்களா, ஐந்து காரணம் சொல்வதாகத் தொடங்கினேன். ஒவ்வொன்றும் ஐந்தாவதில் போய் விழுகிறது. ஆகவே மீதி நேரம் முழுவதும் கடன்தான். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும்.

தண்டல் கணக்கை எத்தனை பேர் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? நோட்டில் எழுதுவது 10,000 ரூபாய். கையில் கொடுப்பது 8,500. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “1,500தானே அண்ணே, நூற்றுக்குப் பதினைந்துதானே” என்பார் தண்டல்காரர். சிரித்த முகமாகத்தான் சொல்வார், அந்தத் தொழிலுக்கு முகம் முக்கியம். ஆனால் அந்தப் பதினைந்து ஓர் ஆண்டுக்கு அல்ல, நூறு நாளுக்கு. அதிலும் முதல் நாள் மாலையிலேயே அசல் குறையத் தொடங்கிவிடுகிறது. ஐம்பதாம் நாள் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறையப் பாதிப் பணம்தான், வட்டியோ முழுப் பணத்துக்கும். முறையாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம் வருகிறது. இதில் ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் சேர்க்கவில்லை. மீட்டர் வட்டி, ரன் வட்டி, கந்துவட்டி என்று பெயர்கள் இருக்கின்றன. அந்தத் தொழில் தமிழுக்குப் புதுச் சொற்களைத் தந்ததுபோல் வேறெந்தத் தொழிலும் தரவில்லை.

இப்போது இன்னொரு பக்கம் வாருங்கள். அதே ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் வட்டியே இல்லை. தெருவின் ஒரு பக்கம் 120, எதிர்ப் பக்கம் பூஜ்யம். அப்படியிருந்தும் தண்டல்காரர் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கூட்டம் நிற்கிறதே, ஏன்? நம் மக்களுக்குக் கணக்குத் தெரியாதா?

ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். கறவை மாட்டுக் கடன் கேட்டு ஒரு சங்கத்துக்குப் போனார். ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் கேட்டார்கள். கொண்டுபோனார். ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். ஒருவர் பங்காளி, சரி என்றார். இன்னொருவர் மருமகன். மருமகனோடு பேச்சுவார்த்தை கிடையாது, சீர்வரிசையில் ஏதோ மனத்தாங்கல். கடனுக்காக மருமகன் வீட்டுக்கு ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சமாதானம் செய்து கையெழுத்து வாங்கினார். சேவல் கணக்கில் வராது.

எல்லாம் சேர்ந்த பிறகு எழுத்தர் கேட்டார், “மாட்டோடு நீங்கள் நிற்கும் படம் எங்கே?”

“ஐயா, கடன் கிடைத்தால்தானே மாடு?”

“மாட்டின் படம் இருந்தால்தான் கடன்.”

பெரியவர் யோசித்தார். சம்பந்தி வீட்டு மாட்டை ஒரு நாளைக்கு இரவலாக ஓட்டிக்கொண்டு வந்தார். படக்காரரை வரவழைத்தார். படம் எடுத்துக்கொண்டு போனால், மாடு திரும்பி நிற்கிறது, முகம் தெரியவில்லை என்றார் எழுத்தர். மறுபடி சம்பந்தி வீடு, மறுபடி படக்காரர். இந்த முறை மாடு முகத்தைக் காட்டியது, பெரியவர் கண்ணை மூடிவிட்டார். அதைக்கூட ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து, மாட்டின் காதில் இருக்கும் மஞ்சள் வில்லையின் எண் வேண்டும். அதையும் எழுதிக்கொண்டு போனார். எழுத்தர் அந்த எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

“இந்த மாட்டின் பேரில் ஏற்கெனவே கடன் இருக்கிறதே!”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாராம், “மாட்டுக்குக்கூடக் கடன் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் கிடைக்கவில்லை.”

சிரியுங்கள், அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சங்கத்திலிருந்து வெளியே வந்து எதிரே டீக்கடைக்குப் போனார். அங்கே தண்டல்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், “எவ்வளவு?” அன்று மாலையே பணம் கைக்கு வந்தது, மாடும் வந்தது. பால் காசு காலையில் வரும், மாலையில் போகும். மாடு வற்றியது, தவணை வற்றவில்லை. கடைசியில் மாட்டை விற்றுத் தண்டலை முடித்தார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. கறந்தவன் கணக்கிலோ மாடே மிஞ்சவில்லை.

அந்த எழுத்தரை நான் குறை சொல்ல மாட்டேன். ஏமாற்றுபவர்களைத் தடுக்கத்தான் இத்தனை தாள்கள் என்பார். தண்டல்காரர் மட்டும் தாள் இல்லாமலேயே வசூல் செய்கிறாரே, அவருக்கு ஏன் ஏழை பணம் கட்டுகிறான்? 120 சதவீதத்துக்கு ஒழுங்காகக் கட்டுகிறவன் சங்கத்தின் குறைந்த வட்டிக்குக் கட்ட மாட்டானா?

இது இன்று நேற்றுப் பிறந்த கேள்வியும் அல்ல. 1892இல் சென்னை மாகாண அரசு ஃபிரடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, விவசாயியை வட்டிக்கடையிலிருந்து மீட்க வழி பார்த்துவரும்படி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவர் தந்த பெரிய அறிக்கையின் சாரம் இரண்டே சொல்: ராய்ஃபைசனைத் தேடுங்கள். ராய்ஃபைசன் ஜெர்மனியில் ஒரு சிற்றூர் மேயர். 1846, 47இல் பஞ்சம் வந்தபோது ஊராரைச் சேர்த்து ரொட்டிச் சங்கம் அமைத்தார், பிறகு கடன் சங்கம் அமைத்தார். ஒருவரை ஒருவர் அறிந்த ஊருக்குள், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்பதே அவருடைய முறை. அந்த வழியில் 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் வேளாண்மைக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் பதிவாயின. நாட்டுக்கே முன்னோடி நம் மண்!

அரை நூற்றாண்டு கழித்து, ரிசர்வ் வங்கி அமைத்த குழு நாடு முழுவதும் கிராமக் கடனை ஆய்வு செய்து கணக்குப் பார்த்தது. 1951-52இல் கிராமத்தான் வாங்கிய கடனில் கூட்டுறவு கொடுத்தது ஏறக்குறைய 3 சதவீதம். பெரும்பங்கு வட்டிக்காரர்களிடமிருந்துதான் வந்தது. 1954இல் வெளியான அந்த ஆய்வறிக்கை, கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனால் கூட்டுறவு வென்றே ஆக வேண்டும் என்று சொன்னது. என் சொத்து முழுவதையும் இந்த வாக்கியத்துக்கு எழுதிவைக்கலாம். சொத்து இல்லை என்பது வேறு விஷயம்.

சட்டம் போதாதா என்று கேட்பீர்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை என்று மனு மேல் மனு கொடுத்த ஒரு கூலிக் குடும்பம், இரண்டு சிறு குழந்தைகளோடு, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீயில் கருகியது. அப்போது சட்டத்துக்குப் பதினான்கு வயது. 2025இல் நிறுவனங்களின் அடாவடி வசூலைத் தடுக்க இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் வாங்குவதற்கு வேறு வாசல் இல்லாதவன் புகார் கொடுக்க மாட்டான். நாளைக்கும் அந்த வட்டிக்காரரிடம்தான் அவன் போக வேண்டும்.

தள்ளுபடி? 2021இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார்கள். பயன்பெற்றவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் தள்ளுபடி என்பது கடன் கிடைத்தவருக்குத்தான் கிடைக்கும். குத்தகைக்காரனுக்கும், களை எடுப்பவளுக்கும், பூ விற்பவளுக்கும் பெரும்பாலும் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பதில்லை. எதைத் தள்ளுபடி செய்வது?

நம் மாநிலத்தில் வறுமை ஒழிந்துவிட்டது என்று ஒரு தம்பி நிதி ஆயோக் அறிக்கையைக் காட்டினார். 2019-21 கணக்குப்படி பல்பரிமாண வறுமை 2.2 சதவீதம்தான். பொய்யில்லை, பெருமைதான். அந்தக் கணக்கில் பன்னிரண்டு குறியீடுகள் உண்டு. கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்கிறார்கள். உனக்கு எவ்வளவு கடன் என்று ஒரு வரி அதில் இல்லை. வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டவர்கள், அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. செங்கல் சூளையில் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு போய்க் கிடப்பவரிடமும் வங்கிக் கணக்கு இருக்கலாம். கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976இல் வந்தது. முன்பணம் என்ற பெயரில் அது இன்னும் நடமாடுகிறது.

மகளிர் குழுக்களை மறந்துவிட்டேன் என்று தாய்மார்கள் முறைக்கிறீர்கள். மறக்கவில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்த இயக்கம் நம் பெண்களை வங்கிப் படியேற வைத்தது. ஆனால் அந்தக் குழுவைப் பார்த்துத்தான் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. மாதத் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. பாதி! ஓட்டை வீட்டில் பாதி வருமானத்தை எடுத்துவிட்டால் மீதிப் பாதிக்குத் தண்டல்காரர் வருவார்.

நம் மக்களுக்கு வழி தெரியாமல் இல்லை. ஆடி மாதம் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, நோட்டில் எழுதி, ஊரே பணம் வைக்கும். வட்டி கிடையாது. அடுத்தவர் விருந்தில் திருப்பி வைக்க வேண்டும், கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். அதிலும் தொல்லை உண்டு, வைக்க முடியாமல் திண்டாடியவர்கள் உண்டு. ஆனாலும் நிக்கல்சன் கப்பல் ஏறித் தேடிய சரக்கு நம் பந்தியிலும் இருக்கிறது.

சரி, சமுதாயம் என்ன செய்ய வேண்டும்? நீண்ட பட்டியல் வைத்திருக்கிறேன், ஆனால் தலைவர் ஐயா இரண்டாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு கூட்டுறவுக் கடன் சங்கத்திலும், நிலம் இல்லாதவர் உட்பட எந்த உறுப்பினருக்கும், 10,000 ரூபாய் அவசரக் கடன். ஈடு வேண்டாம், மாட்டின் படமும் வேண்டாம். கேட்ட அன்றே பணம். வாரத் தவணை. ஊரில் ஐந்து பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு. நகரத்துத் தெருவோர வியாபாரிகளுக்கு 2020இல் மத்திய அரசு பிணையில்லாமல் 10,000 கொடுக்கத் தொடங்கவில்லையா? கிராமத்துப் பூக்காரி என்ன பாவம் செய்தாள்? கூடவே, சங்கங்களுக்குத் தேர்தல் வேண்டும். 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் காலம் 2023இல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலருக்குப் பூக்காரியைத் தெரியாது.

இதைக் கேட்டுக் கையெழுத்து இயக்கம் நடத்துகிறோம். வாசலில், செருப்பு விட்ட இடத்துக்குப் பக்கத்தில், மேசை போட்டிருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், படிக்காமல் போட்ட கையெழுத்தால் வந்த வினையைத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக முன்மொழிய ஊராட்சி முன்னாள் தலைவர் அம்மா இசைந்திருக்கிறார். அன்றைக்கு ஐம்பது பேராவது வந்து உட்கார வேண்டும். அரிசி ஆலை ஐயா டீ ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். இப்போதுதான் சொல்கிறார், தலையாட்டிவிட்டார். மேசையில் இருக்கும் பேனாக்கள் நூலகத்தினுடையவை, திருப்பி வைத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.