காய்ச்சிய ஒயினும் அதற்குள் போன மசாலாவும்

[திரையில்: பனி விழும் இரவு. மரத்தாலான சிறு கடை. பெரிய அண்டாவிலிருந்து ஆவி எழுகிறது.]

நவம்பர் முடியும் நேரத்தில் ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது வாசனைதான். பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், சூடேறிய சிவப்பு ஒயின். இந்தப் பானத்துக்கு க்ளூவைன் என்று பெயர். இதன் வரலாற்றைப் பெரும்பாலும் ஒயினின் வரலாறாகவே சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. ஐரோப்பாவில் ஒயினுக்கு என்றுமே பஞ்சமில்லை. அரிதாக இருந்தது மசாலா. அது யார் கைக்கு எப்போது எட்டியது என்று பார்த்தால்தான் இந்தக் கோப்பை புரியும்.

[திரையில்: ரோமானிய விருந்து. பிறகு மிளகு மூட்டைகள் ஏறும் கப்பல்.]

அப்பிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலின் முதல் குறிப்பே மசாலா ஒயின்தான். 15 ராத்தல் தேனில் கொஞ்சம் ஒயின் ஊற்றி, உலர்ந்த விறகுத் தீயில் காய்ச்ச வேண்டும். பொங்கி வரும்போது குளிர்ந்த ஒயினைத் தெளித்து அடக்க வேண்டும். ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, நுரையை எடுத்த பிறகு 4 அவுன்ஸ் இடித்த மிளகு, குங்குமப்பூ, பேரீச்சை. கடைசியில் நிறைய ஒயின். அந்த மிளகு சேர நாட்டு முசிறி போன்ற துறைமுகங்களிலிருந்து கடல் கடந்து போனது. கி.பி. முதல் நூற்றாண்டில் கருமிளகின் விலை ராத்தலுக்கு 4 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) என்று குறித்துவைத்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, காரத்தைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது என்றும் கேட்டார். மக்கள் வாங்குவதை நிறுத்தவில்லை.

இடைக்காலத்தில் செல்வர் வீடுகளில் ஹிப்போகிராஸ் வந்தது: பட்டையும் இஞ்சியும் சர்க்கரையும் ஊறிய ஒயினைத் துணிப்பையில் வடிகட்டி, விருந்தின் முடிவில் கொடுத்தார்கள். செரிமானத்துக்கு நல்லது என்று நம்பினார்கள்.

[திரையில்: பழைய கையெழுத்துப் பிரதி.]

ஜெர்மனியில் கிடைத்துள்ள மிகப் பழைய க்ளூவைன் குறிப்பு டிரெஸ்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1834 டிசம்பரில் அதை எழுதியவர் வாக்கர்பார்ட் என்ற பிரபு. பட்டை, இஞ்சி, சோம்பு, சாதிக்காய், ஏலக்காய், குங்குமப்பூ என்று பட்டியல் நீள்கிறது. அரண்மனைக்காரருக்கே கட்டுப்படியாகும் பட்டியல் அது. அதே நூற்றாண்டில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் பெருகிச் சர்க்கரை மலிந்தது. மசாலாவும் முன்பைப் போல் எட்டாத பொருளாக இல்லை. பானம் மெல்லத் தெருவுக்கு இறங்கியது.

1956இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் குன்ஸ்மன் இதைப் புட்டியில் அடைத்து விற்றார். சர்க்கரை சேர்த்தது ஒயின் சட்டத்துக்கு விரோதம் என்று அவருக்கு அபராதம் விதித்தார்கள்! இன்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டமே க்ளூவைனுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது: ஆல்கஹால் குறைந்தது 7 சதவீதம், 14.5-க்கும் கீழே. தண்ணீர் சேர்க்கக் கூடாது.

[திரையில்: அடுப்பில் பாத்திரம், வெப்பமானி.]

கொதிக்கவிடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தூய ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஒயின் தளதளவென்று கொதித்தால் ஆல்கஹாலோடு பழ மணமும் ஆவியாகிப் போய், கிராம்பின் கடுமைதான் மிஞ்சும். ஆரஞ்சுத் தோலின் உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியும் கசப்பு தரும், சீவி எடுத்துவிடுங்கள். ஆவி வரத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, மூடி வையுங்கள்.

குடித்ததும் உடல் சூடாவதுபோல் தோன்றும். தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் விரிவதால் வரும் உணர்வு அது. உண்மையில் உடலின் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். கடுங்குளிரில் நெடுநேரம் நிற்பவர்கள் இதை நம்பி நிற்கக் கூடாது.

[திரையில்: உலக வரைபடம்.]

சுவீடனில் இதற்கு க்ளோக் என்று பெயர். ஏலக்காய் தூக்கலாக இருக்கும். கோப்பையின் அடியில் உலர்திராட்சையும் தோலுரித்த பாதாமும் கிடக்கும். எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். போலந்தில் பீரையே மசாலா போட்டுச் சூடாக்குவார்கள். இங்கிலாந்தின் ஆப்பிள் தோப்புகளில் ஜனவரியில் சைடர் என்ற ஆப்பிள் மதுவைச் சூடாக்கி, அதோடு மரங்களை வாழ்த்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தைகளுக்கு ஜெர்மானியர் பழச்சாற்றில் இதே மசாலாவைப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் மாதமே மாறிவிடுகிறது. சிலியில் ஆரஞ்சுத் துண்டுகள் மிதக்கும் நவெகாடோ ஜூன், ஜூலைக் குளிருக்கானது. பிரேசிலின் ஜூன் திருவிழாக்களில் கரும்புச் சாராயத்தை இஞ்சி, கிராம்பு, சர்க்கரையோடு காய்ச்சி, கென்டாவ் என்று அழைக்கிறார்கள். திராட்சை விளையும் தென்கோடி மாநிலத்திலோ அதே பெயரில் ஒயின்தான் பாத்திரத்தில் ஏறுகிறது.