இதயம் இல்லையென்றால் வேறு என்ன?

வணக்கம். நெஞ்சு வலியைப் பற்றிப் பேச வானொலி நிலையத்திலிருந்து அழைத்தபோது எனக்குத் தயக்கமாக இருந்தது. நான் மருத்துவர் இல்லை. 31 வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், போதும்" என்றார்கள். சரி, நடந்ததையே சொல்கிறேன். இடையில் வரும் மருத்துவ விவரங்கள், என்னைப் பார்த்த டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கியவை.

போன வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு. ராத்திரி பத்தரை மணி இருக்கும். அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு விளக்கை அணைக்கக் கையைத் தூக்கினேன். இடது மார்புக்குள் யாரோ ஊசியை இறக்கியது போலச் சுருக்கென்றது. மூச்சை இழுத்தால் இன்னும் வலித்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் கணவர் ஓடி வந்தார். "வாயுவா இருக்கும்மா, ஓமத்தண்ணி போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். அக்கறையில் கேட்டதுதான். ஆனால் அந்த "வாயு" என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணனுக்கு அப்போது 49 வயது. 1996. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், நெஞ்சில் பாரம் வைத்தது போல இருக்கிறது என்றார். சட்டை முழுக்க வியர்வை. பெட்டிக்கடையிலிருந்து சோடா வாங்கி உப்பும் எலுமிச்சையும் போட்டுக் குடித்தார். பெரிதாக ஏப்பம் வந்தது. "பாத்தியா, வாயுதான்" என்று அண்ணியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். இரண்டு மணி நேரத்தில் போய்விட்டார். அந்த ஏப்பத்தை அண்ணியால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதனால் ஓமத்தண்ணி வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாங்க என்றேன். பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி அவன் ஆட்டோவில் போனோம். அது தவறு என்று பிறகு டாக்டர் சொன்னார். 108-ஐ அழைத்திருக்க வேண்டும். வழியில் ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸில் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார், ஆட்டோவில் யார் இருக்கிறார்கள்? 2008-லிருந்து நம் தமிழ்நாட்டில் ஓடுகிற வண்டி. ஆனாலும் அவசரத்தில் எனக்கு அந்த எண் தோன்றவே இல்லை.

ஆட்டோவில் வலியோடு இன்னொன்றும் என்னை அழுத்தியது. வெட்கம். இதயம் இல்லை என்று ஆகிவிட்டால்? நடு ராத்திரியில் இத்தனை பேரை எழுப்பி ஊரைக் கூட்டிவிட்டேனே என்று நினைப்பார்களே. பெண்களுக்கு, அதிலும் என் வயதுப் பெண்களுக்கு, இது பெரிய தடை. நெஞ்சு வலித்தாலும் விடியட்டும், பிள்ளைகள் வேலைக்குப் போகட்டும் என்று காத்திருப்போம். நமக்கு வருகிற மாரடைப்போ பல நேரம் வலியாகக்கூட வராமல் மூச்சுத் திணறலாக, குமட்டலாக, காரணம் தெரியாத அசதியாக வந்து நிற்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. நெஞ்சு வலி என்று சொன்னவுடன், பெயர் முகவரி எழுதுவதற்கு முன்பே படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். வந்த பத்து நிமிடத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்பது முறையாம். கை கால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு, மொத்தம் 10 இடத்தில் ஒட்டுகிறார்கள். அந்தப் பத்திலிருந்து இதயத்தின் மின்னோட்டத்தை 12 கோணத்தில் பார்க்கிறார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு எப்படி என்று அந்த வலியிலும் என் கணக்கு மூளை கேட்டது. இந்தக் கருவியை உருவாக்கிய ஐந்தோவன் என்ற டச்சு விஞ்ஞானிக்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் காலத்தில் நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இப்போது படுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

ஈசிஜி நன்றாக இருந்தது. நான் எழுந்து செருப்பைத் தேடினேன். டாக்டர் விடவில்லை. என் மகள் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. "அம்மா, முதல் ஈசிஜி நல்லா இருந்தும் மாரடைப்பா இருந்தவங்களைப் பார்த்திருக்கேன். கொஞ்சம் பொறுங்க" என்றார். டிரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற புரதம் அது. கசிந்தாலும் அளவு ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் ஒரு முறை எடுத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். அந்த நேரம் முழுக்கச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கணவர் என் கையை விடவே இல்லை.

விடியற்காலை இரண்டாவது முடிவும் வந்தது. இதயத்தில் ஒன்றும் இல்லை.

அதற்கு அப்புறம் டாக்டர் செய்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். "எங்க வலிக்குதுன்னு காட்டுங்கம்மா" என்றார். நான் ஒரு விரலை வைத்துக் காட்டினேன். இதயத்திலிருந்து வருகிற வலியைப் பெரும்பாலும் ஒரு விரலால் காட்ட முடியாதாம், முஷ்டியையோ உள்ளங்கையையோ நெஞ்சின் மேல் வைத்து "இங்கெல்லாம்" என்பார்களாம். நான் காட்டிய இடத்தில், மார்பெலும்புக்குப் பக்கத்தில், டாக்டர் மெல்ல அமுக்கினார். கத்திவிட்டேன். ராத்திரி வந்த அதே வலி.

கோஸ்டோகாண்டிரைட்டிஸ் என்றார். விலா எலும்புகள் நடு மார்பெலும்போடு நேரடியாக ஒட்டவில்லை, நடுவில் குருத்தெலும்பு இருக்கிறது. அந்த இணைப்பில் வரும் அழற்சி இது. 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம் வருமாம். சமீபத்தில் கனமாக ஏதாவது தூக்கினீர்களா, இருமல் இருந்ததா என்று கேட்டார். இரண்டும் உண்டு. மூன்று வாரமாக விடாத இருமல். அதோடு தீபாவளிக்கு வீடு ஒழிக்கிறேன் என்று பரணில் ஏறி, என் மாமியார் காலத்துப் பித்தளை அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கியிருக்கிறேன். வலி மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், கனம் தூக்காமல் இருப்பது. அவ்வளவுதான் வைத்தியம்.

அமுக்கினால் வலிக்கிறது, ஆகவே இதயம் இல்லை என்று வீட்டிலேயே யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. டாக்டரே ஈசிஜியும் ரத்தமும் பார்த்த பிறகுதான் அமுக்கிப் பார்த்தார். இன்னொரு விஷயமும் சொன்னார், கேட்டதும் அண்ணனின் சோடா கண்முன் வந்தது. அமிலத்துக்கான மருந்து குடித்து வலி குறைந்தால் அது வயிறுதான் என்று அர்த்தம் இல்லையாம். அதேபோல நாக்கடியில் வைக்கிற இதய மாத்திரையில் வலி குறைந்தால் அது இதயம்தான் என்றும் அர்த்தம் இல்லை. உணவுக்குழாய் இறுகிப் பிடிப்பதால் வருகிற வலியும் அந்த மாத்திரையில் தளரும். உணவுக்குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் ஓடுகிறது. இரண்டின் வலியையும் கொண்டுபோகிற நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதியில் சேர்வதால், மூளைக்கே எது எது என்று பிரிக்கத் தெரிவதில்லை. மாரடைப்பில் கையும் தாடையும் வலிப்பதற்கும் அதுதான் காரணம். மூளைக்கே குழப்பம் என்றால், ஏப்பத்தை வைத்து நாம் எப்படிச் சொல்வது?

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா இருந்தார். இதே மாதிரி மூன்றாவது முறையாக வருகிறாராம். முன்பு வேறெங்கோ காட்டியபோது இரண்டு முறையும் "இதயத்துல ஒண்ணுமில்ல, போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் எனக்கு ஏன் வலிக்கிறது என்று என்னிடம் கேட்டார். எனக்கு மனசு கனத்துவிட்டது. இதயம் இல்லை என்பது பாதி பதில்தான். அமிலம் மேலேறுவதாக இருக்கலாம், தசைப் பிடிப்பாக இருக்கலாம், மனப் பதற்றம் திடீரென்று உச்சத்துக்குப் போய் நெஞ்சை அடைப்பதாக இருக்கலாம். அக்கி வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு, கொப்புளம் எதுவும் தெரியாதபோதே, அந்தப் பக்கம் எரிந்து வலிக்கும். நுரையீரலில் ரத்தக் கட்டி அடைப்பது போன்ற ஆபத்தானவையும் உண்டு. "அப்ப இது என்ன டாக்டர்?" என்று கேட்பது நம் உரிமை. தயவுசெய்து கேளுங்கள். பெயர் தெரிந்த வலியோடு வீட்டுக்கு வந்தவள் நான், அதன் நிம்மதி எனக்குத் தெரியும்.

வலி போக ஆறு வாரம் ஆயிற்று. பயம் போக இன்னும் அதிகம். மாடிப்படி ஏறும்போதெல்லாம் கை நெஞ்சுக்குப் போகும். வலி வேறு மாதிரி இருந்தால், வியர்த்தால், கையிலோ தாடையிலோ பரவினால் யோசிக்காமல் திரும்ப வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன்.

இதையெல்லாம் பொங்கலுக்குப் போனபோது அண்ணியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "எனக்கும் மூணு வருஷமா நெஞ்சு எரியுது. சீரகத் தண்ணி குடிச்சு ஓட்டுறேன்" என்றார். 28 வருடத்துக்கு முன்னால் புருஷனை அப்படிப் பறிகொடுத்தவர், தன் நெஞ்சுக்கு மட்டும் சீரகத் தண்ணீர்!

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கேயே ஈசிஜி எடுத்தார்கள். 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் உடனே கொடுக்க வேண்டிய முதல் தவணை மாத்திரைகளும் அங்கே தயாராக இருக்கின்றன. அண்ணனுக்கு அப்போது இது இருந்திருந்தால் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம், ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அண்ணிக்கு ஈசிஜி நன்றாக இருந்தது. நெஞ்சை எரித்தது அமிலம்தான் என்று பிறகு பார்த்துச் சொன்னார்கள், மாத்திரை தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சப்பையிலிருந்து அந்த ஈசிஜி தாளை எடுத்து, திண்ணையில் பிரித்துத் தடவிப் பார்த்தார் அண்ணி. "இந்தக் கோடுதானா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணி என்றேன். மடித்து, அண்ணன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

வணக்கம்.