சின்னப் பெட்டி, பெரிய வடிகட்டி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஏசி பூட்டிய ஒரு டிஸ்பென்சரிக்குள் பின்னேரம் போய்ப் பாருங்கள். கதவு சாத்தியிருக்கும். பத்துப் பேர் கதிரைகளில் முழங்கை முட்ட இருப்பார்கள். குளிர்ந்த காற்று முகத்தில் படும்போது அது வெளியிலிருந்து வருகிற புதுக்காற்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுவரில் பூட்டுகிற சாதாரண ஏசி, அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிராக்கித் திருப்பி விடுகிறது. மூலையில் இருமுகிறவரின் மூச்சும் அந்தச் சுற்றுக்குள்தான் இருக்கிறது.

விசிறிகளோடும் குளிரூட்டிகளோடும் வேலை செய்கிற பொறியியலாளன் நான். இப்படியான அறைகளுக்கு ஏற்ற, காற்றை இழுத்து வடிகட்டி வைரஸைப் பிடிக்கக்கூடிய ஒரு சின்னப் பெட்டியை எப்படி வடிவமைப்பது என்பதைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

எல்லா இடத்துக்கும் பெட்டி தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரைச்சுவர் வைத்த எங்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் சோளகக் காற்று வீசும்போது, எந்த இயந்திரமும் செய்யாத வேலையை அது காசில்லாமல் செய்துவிடும். அங்கே பெட்டி வாங்குவது வீண்செலவு. மாரியில் கதை வேறு. சாரல் அடிக்கிறதென்று ரியூசன் கொட்டிலுக்குத் தறப்பாளை இறக்கிக் கட்டுவார்கள். உள்ளே ஐம்பது பிள்ளைகள் இருப்பார்கள். அங்கேயும், டிஸ்பென்சரியிலும், காசநோய் பார்க்கிற மார்புச் சிகிச்சை அறையிலும்தான் இது தேவை.

நோய் காற்றில் மிதந்து பரவும் என்பது கொரோனாவோடு வந்த புதுக்கதை இல்லை. 1950களில் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக எடுத்துக் கினிப்பன்றிகள் இருந்த அறைக்குள் விட்டார்கள். நோயாளியின் பக்கமே போகாத அந்த விலங்குகளுக்கும் காசநோய் தொற்றியது. அப்படியிருந்தும் 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து, கொரோனாவும் காற்றில் பரவுகிறது, அதைக் கவனத்தில் எடுங்கள் என்று பகிரங்கமாக எழுத வேண்டியிருந்தது. கை கழுவுவதற்குக் கொடுத்த கவனத்தில் பாதியையாவது காற்றுக்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, பெட்டிக்கு வருவோம். வடிகட்டி என்றதும் மா அரிக்கிற அரிதட்டுத்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். கண்ணறையை விடச் சின்னது விழுந்துவிடும், பெரியது நின்றுவிடும். கொரோனா வைரஸ் ஏறத்தாழ 0.1 மைக்ரோன்தானே, அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குதானே, அதை எப்படி ஒரு தாள் பிடிக்கும் என்று கேட்கிறவர்கள் அதை நினைத்துத்தான் கேட்கிறார்கள். இந்தப் பெட்டிக்குள் போடுகிற ஹெப்பா என்ற நுண்வடிகட்டி அந்த விதமாக வேலை செய்வதில்லை. அது தாறுமாறாகப் பின்னிக் கிடக்கிற நுண்ணிய நார்களாலானது. பெரிய துணிக்கைகள் காற்று வளைகிற இடத்தில் வளைய முடியாமல் நாரில் மோதி ஒட்டும். மிகச் சிறியவை நேராகப் போகாமல் அங்குமிங்கும் தள்ளாடிப் போவதால் அவையும் ஏதோவொரு நாரில் பட்டு ஒட்டும். தப்புவதற்கு வாய்ப்புக் கூடியது இடைப்பட்ட 0.3 மைக்ரோன் அளவுதான். அதிலேயே 99.97 சதவீதத்தைப் பிடித்தால்தான் ஹெப்பா என்ற பெயர். போதாததற்கு, வைரஸ் தனியாக மிதப்பதில்லை. எச்சில் துளிகளின் ஈரத்தோடும் உப்போடும் சேர்ந்துதான் மிதக்கும். அப்படிச் சேர்ந்த துணிக்கைகளும் அந்த நார்களில் பிடிபடும்.

அப்படியென்றால் கடினமான வேலை எது? போதுமான காற்றை, சத்தமில்லாமல், அந்த வடிகட்டிக்கூடாகக் கொண்டுபோவதுதான். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஓர் அறையில் 1200 கன அடி காற்று இருக்கிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023 இல் சொன்ன அளவு, மணித்தியாலத்துக்குக் குறைந்தது 5 தடவை காற்று மாற வேண்டும் என்பது. கணக்குப் பார்த்தால், பெட்டி நிமிடத்துக்கு 100 கன அடி சுத்தமான காற்றைத் தர வேண்டும். 12 நிமிடத்தில் அறை சுத்தமாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. சுத்தமான காற்று அழுக்குக் காற்றோடு கலந்துகொண்டே இருப்பதால், அந்த நேரத்துக்குள் மூன்றில் இரண்டு பங்களவுதான் குறையும். 99 சதவீதம் குறைய ஏறக்குறைய 55 நிமிடம் எடுக்கும். அதனால் பெட்டி விடாமல் ஓட வேண்டும்.

விடாமல் ஓடுமா? மேசையில் அழகாக வைக்கலாம் என்று உள்ளங்கையளவு வடிகட்டியைப் போட்டு, அதற்கூடாக நிமிடத்துக்கு 100 கன அடியை இழுக்க வேண்டுமானால் விசிறி அலற வேண்டும். டொக்டர் நோயாளியின் நெஞ்சில் குழாய் வைக்கும்போது பெட்டி இரைந்தால் முதல் வேலையாக அதை நிற்பாட்டுவார். அவரில் பிழையில்லை. பிழை வடிவமைத்தவரில்தான். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். அதற்கு வழி, வடிகட்டியின் பரப்பைக் கூட்டுவது. தாளைக் கொசுவி மடித்தால் சின்னச் சட்டத்துக்குள்ளேயே பெரிய பரப்பைக் கொண்டுவரலாம். பரப்பு இரட்டித்தால் தடை பாதியாகிறது. காற்று மெதுவாகப் போவதால் மிகச் சிறிய துணிக்கைகள் இன்னும் நன்றாகவும் பிடிபடும். பெட்டியின் நாலு பக்கத்தையும் வடிகட்டியாக்கி, மேலே விசிறிகளை வைப்பது நான் விரும்புகிற அமைப்பு.

கணினிக்குள் இருக்கிற 12 வோல்ட் சின்ன விசிறிகள் இதற்கு நல்ல பொருத்தம். ஒன்று சில வாட் மின்சாரம்தான் எடுக்கும். ஒன்றின் சக்தி போதாது, ஐந்தாறை வரிசையாகப் பூட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சின்ன மின்குமிழின் செலவுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. சோலார் தகட்டோடு ஒரு 12 வோல்ட் பற்றரியை இணைத்துவிட்டால் மின்வெட்டு நேரத்திலும் பெட்டி நிற்காது.

அடுத்தது கசிவு. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஓடுகிற பெட்டியின் விளிம்பை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோங்கள். சட்டமும் வடிகட்டியும் சரியாகப் பொருந்தாத மூலைக்கு வந்ததும், தளர்வாக எழுகிற புகை சட்டென்று நூலாக நீண்டு இடுக்குக்குள் ஓடும். காற்று எப்போதும் லேசான வழியைத்தான் தேடும். அந்த இடுக்கை ஸ்பொஞ்ச் பட்டியால் இறுக்கி அடைக்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஹெப்பாவும் பாதி வேலைதான் செய்யும்.

ஊதா விளக்கு, அயன் எனப்படும் மின்னேற்றத் துணிக்கைகளை வீசுகிற கருவி இரண்டையும் விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். 254 நனோமீற்றர் புற ஊதாக்கதிர் கிருமியைக் கொல்லும், அது உண்மை. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். சின்னப் பெட்டிக்குள் காற்று ஒரு வினாடிகூட நிற்பதில்லை. தரமில்லாத விளக்குகளும் அயன் கருவிகளும் ஓசோன் என்ற வாயுவையும் வெளிவிடும். ஆஸ்துமா இழுப்பு உள்ளவர்களுக்கு அது கூடாது. சின்னப் பெட்டிக்குள் இவை இரண்டும் வேண்டாம் என்பதே என் முடிவு.

வன்னிக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, புழுதி. கிரவல் வீதியில் ஒரு டிப்பர் போனால் போதும். காலபோக அறுவடையில் நெல்லுத் தூசியும் சேரும். அதனால் வடிகட்டிக்கு வெளியே, கழற்றிக் கழுவக்கூடிய மெல்லிய ஸ்பொஞ்ச் விரிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். உள்ளே இருக்கிற ஹெப்பாவை மட்டும் கழுவவோ தட்டவோ கூடாது. நனைந்தால் நார்கள் கெட்டுவிடும், தட்டினால் பிடித்ததெல்லாம் பறக்கும். மாற்றும்போது முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்துக் கழற்றி, பையில் கட்டி அகற்றுங்கள்.

கடையில் வாங்குகிறவர்கள் "எத்தனை சதுர அடிக்குப் போதும்" என்று கேட்காதீர்கள். நிமிடத்துக்கு எவ்வளவு சுத்தமான காற்று தரும், அந்த வேகத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும், மாற்று வடிகட்டி வவுனியாவிலாவது கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாத பெட்டியை வாங்காதீர்கள்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் செயற்திட்டத்துக்கு இதையே எடுங்கள். ஒரு டிஸ்பென்சரி அறையில் பெட்டியை வைத்து, மாரியில் ஒரு மாதம், சோளகத்தில் ஒரு மாதம் அளந்து பாருங்கள். எங்கள் புழுதியில் ஒரு வடிகட்டி எத்தனை மாதம் தாங்கும் என்பதை இங்கே அளந்தால்தான் தெரியும்.

நன்றி, வணக்கம்.