ஒரே வளவு, தனித்தனி அடுப்பு

வணக்கம் நேயர்களே. காரைக்குடிப் பக்கம் பெரிய வீடு பார்க்க வருகிறவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வீடுகளில் எனக்குப் பிடித்தது வேறு. மகனுக்குக் கல்யாணமானதும் அவனை வேறு வைப்பார்கள்: தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஆனால் வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய வீடும், ஒன்றுதான். அவரவர் அடுப்பில் என்ன கொதித்தாலும் வடகம் காயப்போட அந்த முற்றத்துக்குத்தான் வந்தாக வேண்டும், வந்தால் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

என் பெரியப்பா மகனும் நானும் ஒரு தேர்தல் சமயத்தில் பேச்சை நிறுத்திவிட்டோம். குடும்ப வாட்ஸ்அப்பில் அவர் ஒரு வீடியோ போட்டார், நான் சுருக்கென்று பதில் போட்டேன், அவர் பதிலுக்கு ஒன்று சொல்ல, பத்தே நிமிஷத்தில் சின்ன வயதுச் சங்கதியெல்லாம் வெளியே வந்துவிட்டது. அதையே திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதி வார்த்தை வாயில் வந்திருக்காது. முகம் வாடுவது போனில் தெரிவதில்லையே. ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது.

அப்புறம் படைப்பு, அதாவது முன்னோர்களுக்குப் படைக்கும் குடும்பச் சடங்கு, வந்தது. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பங்காளிகள் எல்லாரும் வரி போட்டுச் செய்வது, வராமல் இருக்க முடியாது. எங்கள் இருவரையும் ஒரே வாழைக்காய்க் கூடைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். "தம்பி, இவ்வளவு பொடிசா நறுக்கினா கருகிப் போகாதா?" என்றார் அண்ணன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கும் அவர் கட்சி அவருக்கு, என் கட்சி எனக்கு.

கருத்து வேறாக இருந்தும் முகம் பார்த்துப் பேசுவதற்கு நம் மண்ணில் முன்னோடிகள் இருந்தார்கள். வர்ணாசிரமம் பற்றிய காந்தியின் கருத்தை மறுத்துக் கடிதம் எழுதிய 20 வயது ஜீவானந்தத்தை, 1927இல் இந்தப் பக்கம் வந்தபோது காந்தி அவர் இருந்த சிராவயல் ஆசிரமத்துக்கே போய்ப் பார்த்தார். 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசன் காங்கிரஸ்காரர், பிற்பாடு சுதந்திராக் கட்சிக்குப் போய் 1962இல் காரைக்குடி சட்டமன்ற உறுப்பினர் ஆனவர். அவர் நடத்திய கம்பன் மேடையில், பிற்பாடு கம்யூனிஸ்ட் ஆன அதே ஜீவானந்தம், நம் ஜீவா, பேசினார். சொத்துரிமை விஷயத்தில் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இருந்தாலும் கம்பன் பாட்டை ஒருவர் சொல்ல மற்றவர் உட்கார்ந்து கேட்டார்கள்.

சண்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அநியாயத்தை எதிர்த்துத்தான் ஆக வேண்டும், ஜீவா எதிர்த்தார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், நான் பெருமையாகச் சொன்ன அந்த வளவுக்குள் எல்லாச் சாதிக்காரர்களும் அந்தக் காலத்தில் வந்துவிட முடியாது. அதனால் இப்போது நமக்குத் தேவை அதைவிடப் பெரிய முற்றம்.

எங்கள் ஊரில் அது ஊருணி. வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேல் மண்டி, மழை பெய்தும் தண்ணீர் வந்து சேரவில்லை. மூன்று வாரமாக ஞாயிறு காலையில் வெட்டிக்கொண்டிருக்கிறோம், எல்லாத் தெருக்காரர்களும், எல்லாக் கட்சிக்காரர்களும். போன வாரம் முள்ளை அள்ளிப்போக வண்டி கிடைக்காமல் நின்றபோது அண்ணன்தான் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார், முன்னால் அவர் கட்சிக் கொடியோடு. நான் ஏறி நின்று முள்ளை மிதித்து அமுக்கினேன். இன்னும் கால் பங்கு வேலை பாக்கி இருக்கிறது.