இயக்குநர் வாயை மூடிக்கொண்ட வருஷம்

(ஒரு திரைப்படச் சங்கக் கூட்டத்தில், படம் போடுவதற்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். படம் இருபது நிமிஷம்தான் ஓடும். பேச்சு அதைவிட நீளக் கூடாது என்று அமைப்பாளர் என் காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டேன்.

இன்று பார்க்கப்போகும் படம் ‘பப்ஸ் இஸ் பப்ஸ்’. 1930 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டு ரீல் சிரிப்புப் படம். கலிபோர்னியாவில் கல்வர் சிட்டியில் ஹால் ரோச் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். லாரல் – ஹார்டி படங்கள் அங்கே எடுத்தவைதான். அங்கேயே தெருப் பிள்ளைகளை வைத்து 1922இல் ‘அவர் கேங்’ என்று ஒரு வரிசை ஆரம்பித்தார். இந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் யாரோ ஒரு பெரியவர் வளர்க்கிற அடியாள் கும்பல் மாதிரி இருக்கிறது. ‘நம்ம செட்டு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1944 வரை 220 குறும்படங்கள். பிற்பாடு டிவியில் ‘லிட்டில் ராஸ்கல்ஸ்’ என்று வந்ததும் இதுதான்.

இது தொடங்கிய கதையை ரோச்சே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருநாள் நடிக்க வாய்ப்புக் கேட்டு ஒரு சிறுமியைக் கூட்டிவந்தார்கள். முகம் நிறையப் பவுடர், மனப்பாடமாகப் பேச்சு, மனப்பாடமாகச் சிரிப்பு. அவளை அனுப்பிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தால், எதிரே மரக்கடையில் சில பொடியன்கள் ஆளுக்கொரு குச்சியை எடுத்துவைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எல்லோரிலும் சின்னப் பையன் கையில் பெரிய குச்சி. பெரியவனுக்கு அது வேண்டும். இவனோ விடுகிற பாடில்லை. கால் மணி நேரமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று ரோச்சுக்குத் திடீரென்று உறைத்ததாம். கூலிக்கு நடிக்கிற ஆள் எவனாலும் அவரை அத்தனை நேரம் ஜன்னலோரம் நிற்கவைத்திருக்க முடியாது.

இந்தப் பொடியன்களை மேய்க்கிற வேலை ராபர்ட் மெக்கோவன் என்ற இயக்குநருக்கு வந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது, கையில் ஸ்கிரிப்ட் கொடுத்து என்ன பிரயோஜனம்? காட்சிக்குச் சற்றுமுன் கூப்பிட்டு, “இப்படி நடக்குது, நீ என்ன பண்ணுவே?” என்று கதை சொல்லுவார். கேமரா ஓடும்போது மெகாபோனை வைத்துக்கொண்டு, திரும்பு, பார், ஓடு என்று கத்திக்கொண்டே இருப்பார். மௌனப் படம்தானே, யார் கத்தினால் என்ன!

நாய்க்கும் அதே கதைதான், பழக்குகிறவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வாயாலேயே கட்டளை கொடுத்துக்கொண்டிருப்பார். செட்டின் நாய்க்குப் பெயர் பீட்டி. ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும், நீங்கள் எங்காவது படத்தில் பார்த்திருப்பீர்கள். முதலில் நடித்த நாயின் நிஜப் பெயர் ‘பால்’ (Pal). அதற்கு அந்த வளையம் பிறவியிலேயே முக்கால்வாசி இருந்தது, மிச்சத்தை மேக்கப்காரர் மை வைத்து முடித்தார். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரிதான். ஆனால் திருஷ்டி கழியவில்லை. 1930இல் அந்த நாய் விஷம் தின்று செத்தது. பிறகு அதன் மகனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சில படங்களில் வளையம் வலது கண்ணில் இருக்கிறது, சில படங்களில் இடது கண்ணில். அன்றைக்குக் கொட்டகையில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கு நாம் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம், கண்டுபிடித்துவிடுகிறோம்.

1929இல் மைக் வந்தது. ‘ஸ்மால் டாக்’ இந்தச் செட்டின் முதல் பேசும் படம். ஒரே நாளில் மெகாபோன் வாயடைத்துப்போயிற்று. இயக்குநர் இருமினால்கூட டேக் போச்சு. கட்டளைக்குப் பழகிய நாய் யார் குரலைக் கேட்டு ஓடும்? நாலு வயதுப் பிள்ளை அடுத்த வரியை யாரிடம் கேட்கும்? அந்த ஆரம்பப் பேசும் படங்களைப் பார்த்தால், பிள்ளைகள் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்து என்ன என்பதுபோல ஓரக்கண்ணால் வெளியே பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

அடுத்த வருஷம் எடுத்ததுதான் இன்றைய படம். வீஸர் என்று ஒரு வாண்டு. நடித்தவன் பாபி ஹட்சின்ஸ், ஐந்து வயது. அவனிடம் சில நாய்க்குட்டிகள். மணியடித்தால் ஓடிவர வேண்டும் என்று பழக்கியிருக்கிறான். நல்ல பழக்கம்தான், ஆனால் அது நகரம். மணிக்கா பஞ்சம்? எந்தத் தெருவில் எந்த மணி அடித்தாலும் குட்டிகள் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்தப் பக்கம் ஓடுகின்றன. வீஸர் கையில் மணியோடு பின்னால் அலைகிறான்.

மௌனப் படத்தில் இதே சிரிப்பை வரவழைக்க ஒவ்வொரு முறையும் மணியைக் காட்டியாக வேண்டும். மணி, குட்டியின் காது, மறுபடி மணி என்று. இங்கே மணி திரைக்கு வெளியே எங்கோ அடிக்கிறது. நமக்கும் குட்டிக்கும் ஒரே நேரத்தில் கேட்கிறது, “ஐயோ, போச்சு” என்று நாம் நினைப்பதற்குள் அது கிளம்பிவிடுகிறது. சத்தம் வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத ஒரு செட்டு, சத்தத்தையே கதையாக்கியிருக்கிறது. கத்துகிற உரிமை பறிபோன ஒரு மனுஷர், தப்பான சத்தத்துக்கு ஓடுகிற குட்டிகளை வைத்துப் படம் எடுத்திருக்கிறார். வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, எனக்கு அப்படி நினைத்துக்கொள்ளப் பிடித்திருக்கிறது. 2004இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், அதாவது காப்பாற்றிவைக்க வேண்டிய படங்களின் பட்டியலில், இதைச் சேர்த்தார்கள். பின்னணி இசையையும் கவனியுங்கள். லெராய் ஷீல்டின் மெட்டுகள் இந்த வரிசையில் முதலில் வந்தது இதில்தான். இன்னொன்று, டாரத்தி என்ற சிறுமியைக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். குளிப்பாட்டிப் புதுக் கவுன் மாட்டிவிட்டால் போதும், நேராகப் போய்ச் சேற்றுக் குட்டையில் விழுவாள்.

ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. ஃபரீனா என்ற கறுப்பினப் பையன் இதில் இருக்கிறான், பெயர் ஆலன் ஹாஸ்கின்ஸ். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பருக்குக் கொட்டகையில் தனி இடம், தனி வாசல் என்றிருந்த காலம். திரைக்குள் இந்தப் பிள்ளைகள் ஒரே தெருவில் புரண்டு விளையாடுகிறார்கள். அதற்காக எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நிறத்தைக் கேலி செய்கிற இடங்கள் இந்த வரிசையில் ஏராளம். 1970களின் தொடக்கத்தில் டிவிக்குப் பல படங்களை வெட்டித்தான் கொடுத்தார்கள். சேர்ந்து விளையாடுவதும் கேலியும் ஒரே ரீலில் இருக்கின்றன. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு தொண்டையில் நிற்கும், நிற்கட்டும்.

நேரமிருந்தால் இரண்டாவதாக 1932இல் வந்த ‘தி பூச்’ படத்தையும் போடச் சொல்லியிருக்கிறேன். அதில் நாய்வண்டிக்காரன் பீட்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். மீட்க வேண்டுமானால் ஐந்து டாலர். அமெரிக்காவில் வேலையும் பணமும் வறண்டுபோன பெருமந்தக் காலம், ஸ்டைமி என்கிற பையனுக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை. அவன் தலையில் இருக்கிற தொப்பி லாரல் கொடுத்தது என்பார்கள்.

வீஸரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படத்துக்குப் பதினைந்து வருஷம் கழித்து, 1945 மே மாதம், கலிபோர்னியாவில் ராணுவ விமானப் பயிற்சியின்போது இரண்டு விமானங்கள் மோதியதில் பாபி ஹட்சின்ஸ் இறந்தான். வயது இருபது. படத்தில் அவன் மணியை ஆட்டிக்கொண்டு வருகிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் இது ஞாபகம் வந்துவிடுகிறது. உங்களுக்கும் சொல்லிவைத்துவிட்டேன், மன்னியுங்கள்.

அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள், மணி காதில் விழ வேண்டும். விளக்கை அணைக்கலாம்.